தொண்ணூற்றாறில் பறந்த அத்தை

"உங்க வயசுக்கு இது தேவையா அத்தை? சாரே கேட்கிறார் பாருங்க!"

சார் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த போக்குவரத்து அதிகாரி இன்னும் வாயையே திறக்கவில்லை. அபராத நோட்டீஸை உள்ளே தள்ளிய கையோடு, மாப்பிள்ளை தன் மாமியாரை வாங்கு வாங்கென்று வாங்க ஆரம்பித்துவிட்டார்.

அதிகாரிக்கு அலுப்பாக இருந்தது. இந்தக் கவுண்டருக்கு வருகிறவர்களில் வேகமாகப் போனவர் என்று ஒருத்தரும் கிடையாது. மீட்டர் பொய் சொல்லியிருக்கும், கேமராவுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும், மனைவிக்குப் பிரசவ வலி வந்திருக்கும். போன வாரம் வந்த எழுபது வயதுக்காரர் மனைவிக்குக்கூடப் பிரசவ வலிதான்.

நோட்டீஸைப் பிரித்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வளைவு. நாற்பதில் போக வேண்டிய இடத்தில் தொண்ணூற்றாறு. படம் பின்பக்கமாக எடுத்தது, நம்பர் பிளேட் மட்டும்தான் பளிச்சென்று இருந்தது.

"ஓட்டினது இவங்களா?"

"இவங்களேதான் சார். பார்த்தா பச்சப்புள்ள மாதிரி நிப்பாங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சாப் போதும், பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுவாங்க."

மாமியார் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். அதிகாரி அவரை நன்றாக முறைத்தார். மாமியாரோ அதைச் சட்டை செய்யாமல், அதிகாரியின் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துப் புன்னகை செய்தார். இந்த வயதில் இத்தனை திமிரா என்று அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறீங்களாம்மா? குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தப்புதான் தம்பி. யாரு ஓட்டியிருந்தாலும் தப்புதான். ஆனா என் லைசென்ஸு..."

"உங்க லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது அத்தை, சும்மா இருங்க!" மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்தார். "இவங்க பேர்ல இதுவரைக்கும் ஒரு கேஸ் கிடையாது சார். முதல் தடவைன்னா வெறும் அபராதம்தானே? நானே கட்டிடுறேன்."

வண்டி மாப்பிள்ளையின் பெயரில்தான் இருந்தது. அதிகாரி கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தட்டினார். "உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கே?"

"அதான் சார் என் பயமே! மூணாவது விழுந்தா ஆறு மாசத்துக்கு லைசென்ஸை முடக்கிடுவீங்க. நான் மருந்துக் கம்பெனி ரெப். தினம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா வண்டியில அலையணும். வண்டி ஓட்டலேன்னா வேலை போச்சு. இவங்க அடிச்ச கூத்துக்கு நான் ஏன் சார் தெருவுல நிக்கணும்? செஞ்சவங்கதானே பொறுப்பு ஏத்துக்கணும்?"

நியாயம் என்னவோ அவர் பக்கம்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க அதிகாரிக்குச் சகிக்கவில்லை. பத்துப் பேர் நடுவில் மாமியாரின் மானத்தை ஏலம் விடுகிறவர், வீட்டுக்குள் என்ன லட்சணத்தில் வைத்திருப்பார்?

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதான் ஓட்டினீங்களா?"

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி. அவர் வீட்டுலதானே இருக்கேன். ஆனா அந்த லைசென்ஸு..."

"ஐயோ அத்தை! ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன். எப்பப் பாரு வளவளன்னு!"

வரிசையில் நின்றிருந்த யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு அது பாராட்டுப் போல இருந்தது, காலரைச் சரி செய்துகொண்டார்.

"வண்டிச் சாவி அவங்க கைக்கு எப்படிப் போச்சு?" என்றார் அதிகாரி. "அவங்களா எடுத்துட்டுப் போனாங்களா, நீங்க குடுத்தீங்களா?"

மாப்பிள்ளையின் முகத்தில் பெருந்தன்மை வழிந்தது. "நானேதான் சார் குடுத்தேன். இந்தக் கையாலதான் குடுத்தேன். பெரியவங்க ஆசையா கேட்டாங்க, மாட்டேன்னு சொல்ல மனசு வரல. வேணும்னா எழுதியே தர்றேன்."

"தேவையில்ல, பதிஞ்சாச்சு." அதிகாரி மாமியாரிடம் கையை நீட்டினார். "லைசென்ஸைக் குடுங்கம்மா."

"அதைத்தான் தம்பி அப்போ பிடிச்சுச் சொல்ல வர்றேன். பார்வை மங்கிப்போச்சு. எதிர்ல வர்றது லாரியா சைக்கிளான்னே தெரியல. யார் மேலயாவது ஏத்திடுவோமோன்னு பயந்து, போன வருஷமே இங்க வந்து லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன். பொண்ணு கவலைப்படுவாளேன்னு வீட்டுல சொல்லல."

மாமியாரின் பெயரையும் அதிகாரி தட்டிப் பார்த்தார். உண்மைதான். தன் வீட்டில் இருக்கிறவரைப் பற்றி மாப்பிள்ளைக்கு அது புதுச் செய்தி என்பது, அவர் வாயைப் பிளந்து நின்ற நிலையிலேயே தெரிந்தது. இந்த வேலையில் அதிகாரிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சந்தோஷம் கிடைத்தது.

"வேகத்தை விடுங்க சார்," என்றார் சாவகாசமாக. "லைசென்ஸ் இல்லாதவங்க, அதுவும் பார்வை சரியில்லாதவங்க கையில நீங்களே சாவியைக் குடுத்து, பள்ளிக்கூட வாசல்ல ஓட்ட விட்டிருக்கீங்க. இதுக்கு ஆறு மாசமெல்லாம் இல்ல. உங்க லைசென்ஸ் மொத்தமா ரத்து. ஜெயிலும் உண்டு."

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் இருந்த ஓட்டையருகே குனிந்து, வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"சார்... அன்னிக்கு ஓட்டினது நான்தான்."