வெறும் கழுத்து

“கால்ல மெட்டி இருக்கு. கழுத்துல தாலியக் காணோம். கவனிச்சியா?”

தீயணைப்பு வீரர்களுக்குத் தீக்காய முதலுதவிப் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்திருப்பவள் ஆம்புலன்ஸ் நர்ஸ் தேவிகா. ஆனால் அங்கிருப்பவர்களில் மூத்தவரான பஞ்சநாதனுக்குப் பாடத்தில் மனம் போகவில்லை.

“இப்பல்லாம் அப்படித்தாண்ணே,” என்றான் பக்கத்தில் இருந்த கலைவாணன்.

“என்னடா அப்படித்தான்? அம்பகரத்தூர்ல எங்க தெருப் பொண்ணுதான் இது. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். போன வாரம் வரைக்கும் கழுத்துல கிடந்துச்சு, நானே பார்த்தேன்.”

காதில் விழுந்ததோ என்னவோ, தேவிகா திரும்பினாள். “பஞ்சநாதண்ணே, நீங்க வாங்க.”

மேசையில் ஒரு பொம்மை கிடந்தது. கையில் கண்ணாடி வளையல், கழுத்தில் மஞ்சள் கயிறு.

“நைட்டியில தீப்பிடிச்சு, கழுத்தும் கையும் வெந்துபோன பொண்ணு. தீய அணைச்சாச்சு. அடுத்து?”

“குழாய்த் தண்ணிய விட்டுக்கிட்டே இருக்கணும். ஐஸ் கூடாது. பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதையும் தடவவிடக் கூடாது.”

“சரி. அப்புறம்?”

“வீங்கறதுக்கு முன்னாடி வளையலக் கழட்டணும்.” கழட்டினார்.

“அப்புறம்?”

அவர் கை கழுத்துவரை போய் நின்றுவிட்டது.

“கழுத்து வீங்கினா கயிறு இறுக்கும்ணே. மூச்சு முட்டும். இந்தாங்க கத்திரிக்கோல்.”

“பொம்மையா இருந்தாலும் தாலியில கத்திரி வைக்க மாட்டேம்மா. நாளைக்கு ஊருக்குள்ள என்னைத் தாலியறுத்தவன்னுல்ல சொல்லுவாங்க?”

“அவ உயிர விட அது பெருசாண்ணே?”

பஞ்சநாதனுக்குச் சுருக்கென்றது. “நீ சுலபமா சொல்லிடுவ. உனக்குக் கழட்டி வைக்கிறது சாதாரணம். எல்லாரும் உன்னாட்டமா இருப்பாங்க?”

தேவிகாவின் முகம் வாடிவிட்டது. வாளித் தண்ணீரை மொண்டு பொம்மையின் கழுத்தில் ஊற்ற ஆரம்பித்தாள்.

மேசையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

“போன வாரம் கோட்டுச்சேரிமேட்டுல தீக்காயம் பட்ட பொண்ணோட மாமியார்ண்ணே. என்னாச்சோ தெரியலயே! என் கை ஈரம், கொஞ்சம் ஸ்பீக்கர்ல போடுங்களேன்.”

வேண்டாவெறுப்பாகப் போட்டார்.

“தேவிகா கண்ணு! செல்லம்மா பேசுறேன். மீன் புடிக்கப் போன எம் மவனோட போட்டு இப்பத்தான் கரைக்கு வந்துச்சு. நல்லபடியா வந்து சேந்துட்டான்!”

“மருமக எப்படிம்மா இருக்கா?”

“ஆஸ்பத்திரியில கஞ்சி குடிக்கிறா. கழுத்து வீக்கம் வடிஞ்சிடுச்சு. எம் புள்ள கடல்ல கெடக்கயில அவ தாலியத் தொட்டா கைய ஒடிப்பேன்னு ஒன்னையப் புடிச்சுத் தள்ளுனேனே, பாவி நான்! ‘ஒங்க மவன் கரை வந்து சேர்ற வரைக்கும் என் கழுத்துலயும் தாலி இருக்காதும்மா’ன்னு நீ ஒன்னோடத மொதல்ல கழட்டலைன்னா, அவளோடதக் கழட்ட விட்டிருப்பேனா?” குரல் உடைந்தது. “அவன்தான் வந்துட்டானே கண்ணு. ஒந் தாலிய எடுத்துக் கட்டிக்க தாயி.”

பஞ்சநாதன் போனை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் பொம்மையின் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கத்திரிக்கோலக் குடும்மா,” என்றார்.