முன்னால் போனவர்

கல் வெட்டுபவர் உளியைக் கையில் எடுத்துவிட்டார்.

கறுப்புச் சமாதிக் கல்லில் சாக்கட்டியால் எழுதியாகிவிட்டது. மேலே அண்ணன் பெயர். அதற்குக் கீழே ‘உம்பர்’ என்று ஒரே ஒரு சொல். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், அந்தச் சொல் பிறந்த கதை.

‘தண்ணீர் தேடி முன்னால் போனவர், பின்னால் வருகிறவர்களுக்காக ஏறி நின்று காத்திருக்கும் மேடு.’

அகராதியில் உள்ள வரி. தம்பி வேலை பார்க்கும் அதே அகராதி. அண்ணி அந்தப் பக்கத்தையே வெட்டியெடுத்து, நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

தம்பி அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

உம்பர் என்றால் வானம், மேலுலகம். அதுவரை சரி. மேலே என்று சுட்டுகிற ‘உ’ என்ற ஒற்றை எழுத்திலிருந்து வந்தது என்பார்கள். அவ்வளவுதான் விஷயம். தண்ணீராவது, மேடாவது! கல்லில் இருந்த கதை பச்சைப் பொய்.

அதுவும் தெரிந்தே வைத்த பொய். அவர் ஆபீஸில் அப்படி ஒரு வழக்கம். ராப்பகலாக உட்கார்ந்து தொகுத்ததை எவனாவது அப்படியே சுருட்டினால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே. அதற்காக எங்காவது ஓரிடத்தில் கற்பனைச் சரக்கு ஒன்றை நுழைத்து வைப்பார்கள். இன்னொரு புத்தகத்தில் அது தலைகாட்டினால் ஆள் மாட்டினான்.

போன வருஷம் ஒரு பதிப்பகம் மாட்டியது. வழக்கு, வாய்தா என்று தம்பி தலைகால் புரியாமல் துள்ளினார். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று வாரமும் அவருக்கு நீதிமன்ற வராந்தாவிலேயே போயிற்று. எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் வாசலில் வண்டியைக் காக்கவைத்துவிட்டு.

அதை நினைத்தாலே உடம்பு கூசும். அண்ணி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இப்போது இந்தக் கல் வேறு.

சொன்னால் அண்ணி நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால், திருடனுக்கு வைத்த பொறி அண்ணன் தலைமாட்டில் காலம் பூராவும் நிற்கும்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். “அண்ணி, கீழே இருக்குற அந்த வரி மட்டும் வேண்டாமே...”

அண்ணி கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது இல்லாம எப்படி தம்பி? பேப்பரைக்கூடப் பிரிச்சுப் பார்க்காத மனுஷன், போறதுக்கு முந்தின நாள் உங்க அகராதியைக் கொண்டுவரச் சொல்லி, இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினாரு. ‘நான் எங்கேயும் போயிடல, மேட்டுல நிக்கிறேன், நீ மெதுவா வா’ன்னாரு. நான் நம்பாம முழிச்சேன். ‘என் தம்பி அச்சுல போட்டிருக்கான், பொய்யா இருக்குமா’ன்னாரு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் உசுரோட இருக்கேன்.”



கல் வெட்டுபவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தார். படித்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டு வைப்பது நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிழை இருந்தால் இப்போதே சொல்லிவிடச் சொன்னார். வெட்டின பிறகு அழிக்க முடியாதாம்.

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தே சம்பளம் வாங்கியவர், குனிந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

“சரியா இருக்கு” என்றார்.

உளி இறங்கியது. அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றியோடு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தம்பி வெளியே தெருவைப் பார்த்தபடி நின்றார்.

அந்த வரியை எழுதியது அவர் இல்லை.

பொறிக்குத் தோதான ஒரு பொய் சிக்காமல் அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, “இந்தப் புளுகு போதுமாடா?” என்று சிரித்தபடி சொல்லிக்கொடுத்தவர் அண்ணன்தான்.