இணைப்பு வண்டி

"வண்டிய எடுக்கிறியா, இல்ல நான் எறங்கி வந்து தள்ளட்டுமா?"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ராஜமாணிக்கம் போட்ட சத்தத்தில், ஜங்ஷன் பிளாட்பாரத்தில் முறுக்கு விற்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டிய சிதம்பரம் வண்டி. மணி ஐந்து ஆகிவிட்டது. எஞ்சின் புஸ் புஸ்ஸென்று ஆவியை விட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

கார்டு அப்துல் வதூது நடந்து வந்தார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கக்கத்தில் இரண்டு கொடிகள்.

"கொஞ்சம் பொறுங்க சார். விருத்தாசலம் வண்டி வந்துக்கிட்டே இருக்கு. அதுல வர்றவங்க இதுல மாறணும்."

"இதையேதான் அப்பலேருந்து சொல்றே! ஸ்டேஷன் மாஸ்டர் எங்கய்யா?"

"அவரு அப்பவே போகலாம்னுட்டாரு சார். நான்தான் கேட்டு நிறுத்தி வச்சிருக்கேன். இத வுட்டா அவுங்களுக்கு விடிஞ்சுதான் வண்டி. புள்ள குட்டியோட ராத்திரி பூரா இங்கியே கெடப்பாங்க."

இதைக் கேட்டதும் ராஜமாணிக்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

அவர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீஸில் கிளார்க். சிதம்பரத்தில் தங்கை மகளுக்குக் கல்யாணம். விடிந்தால் முகூர்த்தம், இன்று ஏழு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. தாய்மாமன் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. பக்கத்தில் அவர் மனைவி லோகநாயகி சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டீங்களா அநியாயத்த?" என்று பெட்டியில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். "இவரு இஷ்டத்துக்கு நிறுத்துவாராம்! திட்டக்குடியிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தனி பஸ் வச்சிக்கிட்டு வர்றாங்க. இந்நேரம் சிதம்பரம் போயிருப்பாங்க. மாலையோட வாசல்ல நிக்க வேண்டியவன் இங்க குந்திக்கிட்டு இருக்கேன்!"

"சும்மா இருங்க. அவுங்களும் ஊருக்குப் போறவங்கதானே, பாவம்" என்றாள் லோகநாயகி.

"நீ பேசாதே. எவனோ வர்றான்னு நாம காத்துக் கெடக்கணுமா? இங்கியே துண்ட விரிச்சுப் படுத்துட்டுக் காலையில வரட்டும்!"

"அதானே" என்றார்கள் நாலைந்து பேர்.

அது போதாதா? பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மேலிடத்துக்குப் புகார். எழுதி, நாலு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

"ஒம் பேரு என்னா?"

"அப்துல் வதூது."

எழுதியதை எட்டிப் பார்த்த கார்டு, "'தூ' நெடில் சார்" என்று திருத்திவிட்டு, மறுபடியும் பிளாட்பாரக் கோடிக்குப் போய் விருத்தாசலம் லைனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து பத்துக்குப் புகை தெரிந்தது. வண்டி முழுசாக நிற்பதற்குள் சனங்கள் குதித்தார்கள். முதலில் ஒரு தவில் ஓடி வந்தது. பின்னாலேயே டிரங்குப் பெட்டிகள், பட்டுப் புடவைக்காரிகள், இடுப்பில் குழந்தைகள், ஒரு வாழைத்தார். எல்லாருக்கும் முன்னால் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த பெரியவர் ராஜமாணிக்கத்தின் ஜன்னலைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"சம்பந்தி! நீங்களா?"

மாப்பிள்ளையின் அப்பா சிங்காரம்.

"என்னாது? பஸ்ஸுல இல்ல வர்றதா..."

"அது விருத்தாசலத்துலயே படுத்துருச்சு சம்பந்தி! அடிச்சுப் புடிச்சு ரயிலேறினா, அதுவும் லேட்டு. இந்த வண்டி போயிருக்கும்னு நெனச்சு பையன் மொகமே செத்துப் போச்சு. பொண்ணு வீட்டுல மணவறை போட்டு வச்சிருப்பாங்க, மாப்பிள்ளை ஜங்ஷன்ல படுத்துக் கெடப்பான்னு பொம்பளைங்கல்லாம் அழுதுட்டாங்க!"

ராஜமாணிக்கத்தின் கையிலிருந்த காகிதம் எப்போது நாலாகக் கிழிந்தது என்று அவருக்கே தெரியாது. குதித்து இறங்கிப் போய், கசங்கிய சட்டையோடு நின்ற மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். லோகநாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெட்டியே மாறிவிட்டது. "அதானே" சொன்னவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் தவிலை வாங்கி உள்ளே வைத்தார். "மாப்பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் வுடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். தவில்காரர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ரெண்டு தட்டுத் தட்டினார்.

கடைசிக் குழந்தையும் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, கார்டு விசிலை வாயில் வைத்தார்.

ராஜமாணிக்கம் பிளாட்பாரத்தில் ஓட்டமாக ஓடி வந்தார்.

"பாய், பாய்! இருங்க, ஒரே அஞ்சு நிமிஷம். மாப்பிள்ளை மத்தியானத்துலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலயாம். எல்லாருக்கும் காபி சொல்லியிருக்கேன்."

இவ்வளவு நேரமும் முகம் கோணாத கார்டு, இப்போது உறுதியாகத் தலையை ஆட்டினார்.

"முடியாது சார். ஏறுங்க, போவலாம்."

"இருவத்தஞ்சு நிமிஷம் நின்னவருக்கு, இப்ப மட்டும் என்னா பாய் அவ்வளவு அவசரம்?"

அப்துல் வதூது பச்சைக் கொடியைப் பிரித்தார். கொஞ்சம் வெட்கம், முகம் கொள்ளாத சிரிப்பு.

"காலையில சிதம்பரத்துல எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு சார். தலப்புள்ள. நான் இன்னும் மொகத்தப் பாக்கல."