தம்பி கொடுத்த எலும்பு

காவிரித் தண்ணீரைக் கையில் அள்ளிக்கொண்டு சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எண்பத்து மூன்றாம் வருஷம், பரமத்தி வேலூர் ஆற்றங்கரை. செத்துப்போன சின்னண்ணன் என்பவரின் எலும்புச் சட்டியோடு தண்ணீரில் இறங்கப் போன அவர் தம்பி மணியனைப் பங்காளிகள் மணலிலேயே மறித்துச் சட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

காரணம், சட்டிக்குள் இருந்ததில் ஓர் எலும்பு மணியனுடையது என்றார்கள்.

“உசிரோட இருக்கறவன் எலும்ப ஆத்துல கரைச்சா, அவன் அடுத்த ஆடியப் பாக்க மாட்டான் சாமி,” என்றார் பெரியவர் கந்தப்பன். “உன்றதத் தனியா எடுத்து வெச்சுப்போட்டுக் கரை.”

ஒன்பது வருஷத்துக் கதை அது. வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் விடுகிற முறைத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை அற்றிருந்த சமயம், சின்னண்ணனின் காலில் லாரி ஏறிவிட்டது. கணுக்காலுக்கு மேலே ஒரு துண்டு எலும்பு பொடியாகிப் போயிற்று. வேறு எலும்பு எடுத்து அந்த இடத்தை நிரப்பினால்தான் கூடும், இல்லாவிட்டால் காலையே எடுக்க வேண்டும் என்று அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

கேள்விப்பட்ட மணியன் கட்டிய வேட்டியோடு பஸ் ஏறினான். அண்ணன் முகத்தில் விழிக்கத் துணிவில்லாமல் நேரே டாக்டர் அறைக்குப் போய், தன் உடம்பில் எந்த எலும்பு வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

சின்னண்ணனுக்கு மயக்கம் தெளிந்ததும், அவர் காலுக்குள் இருப்பது யார் எலும்பு என்று மனைவி வசந்தாமணி சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு தம்பியைக் கூப்பிடச் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து நின்றான் மணியன். தகராறு அன்றோடு தீர்ந்தது.

கால் வலியைவிட இடுப்பு வலிதான் பொறுக்கவில்லை என்று சின்னண்ணன் நாலைந்து நாள் முனகினார். மயக்க ஊசி போட்ட இடம் அப்படித்தான் இருக்கும் என்று வசந்தாமணி சமாதானம் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்தக் கால் சின்னண்ணன் பேச்சைக் கேட்கவில்லை. சந்தைக்கென்று கிளம்பினால் தம்பி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். மணியனுக்கோ, அண்ணன் எதிரே வந்தால் நொண்டல் இன்னும் கொஞ்சம் கூடும். சொந்த எலும்பைக் கண்டால் இடுப்பு இழுக்காதா என்றார்கள் ஊரில்.

இப்போது பங்காளிகள் சட்டிக்குள் குச்சியை விட்டுக் கிளறினார்கள். வெந்த எலும்பில் அண்ணன் எது, தம்பி எது?

“அண்ணனோடவே போவட்டுமுங்க,” என்றான் மணியன். பிள்ளை இல்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவனும் அவன்தான். “என்ற ஆயுசு போனாப் போவுது.”

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சட்டியை மட்டும் கொடுக்கவில்லை.

அதுவரை முக்காட்டோடு மணலில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி எழுந்து வந்தாள். கந்தப்பன் கையிலிருந்து சட்டியை வாங்கினாள்.

“அத்தனையும் அவரு எலும்புதானுங்க மாமா. டாக்டரு அவரு இடுப்புலயேதான் எடுத்து வெச்சாரு.”

பிறகு சட்டியை மணியன் கையில் கொடுத்தாள்.

“போங்க கொழுந்தனாரே. இனி நொண்ட வேண்டாம்.”