சத்து

ஈப்போ மருத்துவமனையில் நவமணியின் வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டர் ஜெயபாலன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சூலகத்துல இருந்த கட்டி ஈரல் வரைக்கும் பரவிடுச்சும்மா. இனி மருந்து கேக்காது."

நவமணி தலையாட்டினாள்.

"மருந்து ஏன் கேக்கலன்னுதான் எனக்குப் புரியல. இந்தப் புற்று ஃபோலிக்னு ஒரு சத்தை வெச்சுப் பெருகுது. அந்தச் சத்தைப் பக்குவப்படுத்துற என்சைமைத்தான் நம்ம மருந்து கட்டிப்போடுது. அதே சத்து வெளியிலேருந்து நிறையப் போனா மருந்து தோத்துடும். வேற மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களா?"

நவமணி கதவுப் பக்கம் பார்த்தாள்.

"இல்லீங்க டாக்டர்."

வெளியே பெஞ்சில் காத்திருந்த தங்கை ராக்காயி, நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"ரத்தம் நல்லா ஊறியிருக்காம் லா."

"நான் அப்பவே சொல்லல?" ராக்காயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் புள்ளத்தாச்சிக்குக் குடுக்குற ஃபோலிக் மாத்திரை லேசுப்பட்டதா? அவரு கண்ணு முன்னாடியே முழுங்கச் சொல்லி நிப்பாரு. நான் கன்னத்துல ஒதுக்கி உனக்குக் கொண்டாந்துருவேன். இந்தா, இன்னைக்கு உள்ளது."

நவமணி அதை வாங்கினாள்.

"எனக்குப் போதும் புள்ள. வாயத் திற."

மாத்திரையைத் தங்கையின் நாக்கில் வைத்தாள். பிறகு அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, விழுங்கும் வரை அங்கேயே நின்றாள்.