கடைசி வரி

“மறுபடியும் அழிச்சிட்டான்!”

லூயிசா மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள் அவள். பல ஊர்க் கணிதக்காரர்கள் கூடி எழுதும் இணையக் களஞ்சியம் ஒன்றில், யாரும் அதிகம் தேடாத தேற்றங்களுக்குப் பக்கம் எழுதுவாள். அதில் ஒரே ஒரு பக்கத்தின் கடைசி வரியை மட்டும் எவனோ பெயர் சொல்லாமல் வந்து அழித்துக்கொண்டிருந்தான். இவள் திரும்ப எழுதுவாள். விடிவதற்குள் காணாமல் போயிருக்கும்.

“இன்னாத்துக்கு உனக்கு இந்த வம்பு?” என்றான் கணவன் எட்மண்ட். “அந்தக் கடைசி வரிய விட்டுட்டுத்தான் எழுதேன். இன்னா கொறைஞ்சுடும்?”

“தேற்றமே அந்த வரிதாங்க!”

தரைக்கு மேலே ஈர்ப்பு விசையை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், தரைக்கு உள்ளே இருப்பதை அந்த அளவை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதுதான் அந்த வரி. இதில் யாருக்கு என்ன பகை என்று அவளுக்குப் புரியவில்லை.

பகை இருக்கத்தான் செய்தது. மதியம் களஞ்சியத்தில் அவள் கணக்குக்கு ஒரு செய்தி வந்திருந்தது. ‘நீங்கள் யாரென்று தெரியும். வீடும் தெரியும். மாலை வருகிறேன்.’

“போலீசுக்குச் சொல்லிடலாங்க.”

“வேணாம்!” எட்மண்ட் அவசரமாகச் சொன்னான். “வரட்டும், நான் பாத்துக்கறேன்.” எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டான்.

மூடிப்போன பழைய தங்கச் சுரங்கங்கள் இருக்கும் மைசூர் மைன்ஸ் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடி அது. கட்டிய கம்பெனியிலேயே நில ஆய்வு பார்ப்பவன் என்பதால் எட்மண்டுக்குத் தரைத்தளத்தில் வீடு கிடைத்திருந்தது. பாதி வீடுகளுக்கு இன்னும் ஆள் வரவில்லை. வெளி வராந்தாவில் யாரோ நடந்து வரும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அழைப்பு மணி அடித்தது.

“தொறக்காதே,” என்று எட்மண்ட் அவள் கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

“மிஸ், நான் சரத். உங்க பழைய ஸ்டூடண்ட்.”

அவள் கையை விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பெங்களூரு ரயிலிலிருந்து நேராக வந்தவன்போல, தோளில் பையோடு நின்றான் சரத்.

“மெசேஜ் போட்டது நான்தான் மிஸ். பயந்துட்டீங்களா? சாரி. அந்த சைட்டைப் பாத்துக்கற குழுவுல நானும் ஒருத்தன்.”

“அப்ப அழிக்கறது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

சரத் தயங்கினான். “அதைக் கேக்கத்தான் வந்தேன் மிஸ். நீங்க எழுதறது, அதை அழிக்கறது, ரெண்டும் ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷன்லருந்து வருது. இந்த வீட்டு கனெக்‌ஷன். நீங்களே எழுதி, நீங்களே ஏன்…”

லூயிசா மெல்லத் திரும்பினாள். எட்மண்டின் முகத்தில் ரத்தமே இல்லை.

“நீங்களா? ஏங்க?”

“ஈர்ப்பு விசையை வச்சு இந்த எடத்தை அளந்தது நான்தான்.” என்றான் எட்மண்ட். “பழைய சொரங்கம் இந்தப் பக்கம் வரல, கீழ கெட்டிப் பாறைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அப்புறந்தான் நீ எழுதினதைப் படிச்சேன். ஃபிளாட் வாங்கனவங்க யாராச்சும் அதைப் படிச்சுட்டா…”

“உங்க அளவு தப்புன்னு அந்த வரி சொல்லலியே! சரியாவும் இருக்கலாம் இல்ல?”

எட்மண்ட் இல்லை என்று தலையசைத்தான்.

“நேத்து பின்பக்கம் தண்ணிக்கு போர் போட்டாங்க. கொஞ்ச ஆழத்துலயே கம்பி தன்னால உள்ள போயிடுச்சு. எங்கயும் முட்டல.”

சரத் குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தான்.

“நம்ம வீட்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, லூயிசா.”