பந்து கொடுத்தவள்

ஷிரின் டீக்கடைக்குள் நுழைந்ததும், பக்கத்து மேசையிலிருந்த கல்லூரிப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

சத்யபாமாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஊரே திரும்பிப் பார்க்கிற ஷிரின் அக்கா, தன்னைத் தேடி வந்திருக்கிறாள்.

யாங்கூனின் கியாக்டடா பேட்டையில் மத்தியானத்திலிருந்து மின்சாரம் இல்லை. நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் சத்தத்தில் பஸ்களின் ஹாரன்கூட அமுங்கிப்போயிருந்தது. ஷிரின் குட்டை ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு, நீளக் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கண்கள் சிவந்திருந்தன. ராத்திரி தூங்கியிருக்கமாட்டாள்.

தூக்கம் எப்படி வரும் என்று சத்யபாமா நினைத்துக்கொண்டாள். பாங்காக் கல்லூரி ஒன்றின் பெண் பயிற்சியாளர் ஒருவர் கூடைப்பந்து இறுதி ஆட்டத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை இடத்தைவிட்டு அசையாமல் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அணியில் வேறு பேச்சே இல்லை.

யாரைப் பார்க்க வந்தார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. யாங்கூன் கல்லூரிகளில் கூடைப்பந்து என்றால், எல்லோரும் மரியாதையாக ‘மா ஷிரின்’ என்று கூப்பிடும் ஷிரின்தான். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில், சுவரில் அடித்த ஒற்றை வளையத்தில் பந்து போட்டே வளர்ந்தவள். இது அவளுக்குக் கடைசி வருடம். ஆட்டம் முடிந்த வியர்வையோடு அவளே அந்த அம்மாவிடம் போய்ப் பேசி, தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

“பாங்காக்லேருந்து போன் வந்துச்சு,” என்றாள் ஷிரின்.

சத்யபாமா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எப்பக்கா கிளம்புறீங்க?”

கடைப் பையன் வைத்துவிட்டுப் போன டீயை ஷிரின் ஒரு வாய் குடித்தாள். “முதல்ல உன் விஷயத்தைச் சொல்லு. என்ன முடிவு பண்ணியிருக்கே?”

என்ன சொல்வது.

சொந்த ஊரான மாவ்பியில் பள்ளி அணி எடுத்த புள்ளிகளில் பாதிக்குமேல் சத்யபாமா எடுத்தவை. கல்லூரிக்கு வந்த முதல் வருடத்திலேயே கைக்கு என்னவோ ஆகிவிட்டது. எறிந்ததெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்தது. அப்புறம் எறியவே பயம் வந்தது. பந்து கைக்கு வந்தால் அடுத்த கணம் அது ஷிரினிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இறுதி ஆட்டத்திலும் அதேதான் நடந்தது.

நேரம் முடியப்போகிறது. ஒரு கூடை விழுந்தால் கோப்பை. பந்து சத்யபாமாவின் கையில். எதிரணிப் பெண்கள் இரண்டு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். அரங்கம் முழுக்க, எறி எறி என்று கத்தியது. அவள் எறியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் பின்னால் தட்டிவிட்டாள். ஷிரின் ஓடிவந்து வாங்கிப் போட்டாள்.

ஷிரினைத் தோளில் தூக்கிக்கொண்டு அரங்கத்தைச் சுற்றி ஓடினார்கள். சத்யபாமா எல்லோருடைய தண்ணீர் பாட்டில்களையும் பொறுக்கிப் பையில் போட்டாள்.

மறுநாள் அவர்கள் கல்லூரிப் பயிற்சியாளர் சத்யபாமாவைக் கூப்பிட்டார். அடுத்த வருடம் முதல் அணியில் இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, யோசித்துக்கொள் என்றார்.

சத்யபாமா தமிழில் ஆரம்பித்து, நடுநடுவே பர்மிய மொழிக்குத் தாவி, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். இங்கேயே இரண்டாவது அணியில் இருக்கலாம். ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள், ஆனால் அங்கே சரியான ஆடுகளம்கூடக் கிடையாது. அப்பாவோ மாவ்பிக்கே வந்துவிடச் சொல்கிறார். காய்கறி மண்டியைக் கவனித்துக்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கலாமாம்.

“ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்க்கா. பந்து போடத் தெரியாதவளுக்கு கோர்ட்ல என்ன வேலை?”

ஷிரின் டீ கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டேயிருந்தாள்.

“ஃபைனல்ல கடைசியா எனக்குக் கொடுத்தியே,” என்றாள். “நான் அங்க நிக்கிறேன்னு பாத்தா கொடுத்தே?”

சத்யபாமா யோசித்துப் பார்த்தாள்.

“பாக்கலக்கா. நீங்க அங்கதான் வருவீங்கன்னு தெரியும்.”

ஷிரின் தலையை ஆட்டினாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

“அவங்களும் அதைத்தான் சொன்னாங்க.”

“யாருக்கா?”

“பாங்காக் அம்மா. கூடையில போடுறதுக்கு அவங்ககிட்ட நிறையப் பேர் இருக்காங்களாம். பாக்காமலே கொடுத்தாளே, அந்தப் பொண்ணு யாருன்னு கேட்டாங்க.”

சத்யபாமாவுக்கு முதலில் புரியவில்லை. ஷிரினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததும், அவள் கையை மறுபடியும் இறுக்கிப் பிடித்தாள்.

“அப்போ, நீங்கக்கா?”

ஷிரின் கடைக்காரரைப் பார்த்து இன்னொரு டீக்குச் சைகை காட்டினாள். பிறகு போனை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

“நேத்தே உன் நம்பரைக் கேட்டாங்க. உன்னைக் கேக்காமக் கொடுக்கக் கூடாதில்ல. கொடுக்கட்டுமா?”